ஃபில் கொலின்ஸின் முதல் தனி அல்பம்: முழுதாக வாசிக்கலாமா, ஒரு பாட்டோடு விடலாமா?

உப்புவெளி_ட்ரம்மர்

வணக்கம். நாங்கள் நாலு பேர் கொண்ட சின்ன பாண்ட். மே தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளியில் ஒரு விடுதியின் கடற்கரைப் பக்கம் சனி இரவுகளில் வாசிக்கிறோம். மாரி தொடங்கினால் வெள்ளைக்காரர் இல்லை, பிறகு கலியாண வீடுகள்தான். இந்த முறை விடுதிக்காரர் எண்பதுகளின் பாட்டுகளுக்கென்று ஒரு இரவு கேட்டிருக்கிறார்.

எனக்கு ஃபில் கொலின்ஸின் 'ஃபேஸ் வேல்யூ' அல்பத்தின் முதல் பக்கத்தை, ஆறு பாட்டையும் வரிசை மாறாமல் வாசிக்க ஆசை. மற்ற மூவரும் 'இன் தி எயர் டுநைட்' ஒன்று போதும், மிச்சம் ஒருவருக்கும் தெரியாது என்கிறார்கள். இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்த அல்பம் முழுதாக வாசிக்கத் தகுந்ததா? அப்புறம், அந்தப் பாட்டில் மூன்றரை நிமிடம் கழித்து ட்ரம்ஸ் இடிக்கிற சத்தத்தை எங்களுடைய சாமான்களை வைத்து எப்படி எடுப்பது? நான் அடித்தால் பிளாஸ்டிக் வாளியில் அடித்த மாதிரித்தான் வருகிறது.

கசெற்_காலம்

தம்பி, உங்கள் கூட்டாளிகள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக அவர்கள் சொல்கிற மாதிரி செய்துவிடாதீர்கள்.

அந்த அல்பம் வந்தது 1981 பெப்ரவரியில். அதற்கு முன் கொலின்ஸ் ஜெனிசிஸ் குழுவின் ட்ரம்ஸ்காரர். 1975இல் பீற்றர் கேப்ரியல் குழுவை விட்டுப் போன பிறகு, பாடுவதற்கு ஆள் தேடித் தேடி, கடைசியில் இவரே பாடத் தொடங்கினார். குழு பெரிதாகிக்கொண்டு போக வீடு உடைந்தது. மனைவி பிரிந்துவிட்டார். இங்கிலாந்தில் சரே பகுதியில் இருந்த அந்த வீட்டில் தனியாக ஒரு எட்டுத் தட ரெக்கோடரையும், ஒரு ரிதம் பெட்டியையும், ப்ரொஃபெற்-5 என்ற கீபோர்ட்டையும் வைத்துக்கொண்டு மனதில் வந்ததையெல்லாம் பதிந்து வைத்தார். முதலில் அது அல்பத்துக்கென்று செய்த வேலையே இல்லை.

பிறகு ஸ்டூடியோவுக்குப் போனபோது, வீட்டில் பதிந்த அந்த ரேப்பையே இருபத்துநாலு தடத்துக்கு மாற்றி, அதன் மேல் மற்றவர்களை வாசிக்க வைத்தார்கள். திரும்ப முதலிலிருந்து பாடினால் அந்த உணர்ச்சி வராது என்பது அவருடைய எண்ணம். ஆகவே நாங்கள் கேட்பதில் ஒரு பகுதி, மனைவி போன வீட்டில் ஒரு மனிதன் தனியாக இருந்து செய்த சத்தம்தான். அதை ஒரு பாட்டில் பிடிக்க முடியாது.

இங்கே அது எங்களுக்கு ரெக்கோடிங் பார் வழியாகத்தான் வந்தது. கடைக்காரர் அறுபது நிமிடக் கசெற்றில் அடித்துத் தருவார். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் மிஞ்சும். வெறும் ரேப் கொடுத்தால் வாடிக்கையாளர் குறை சொல்வார் என்று அந்த இடத்தில் பொனி எம் பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார். முதல் பக்கம் 'ஹாண்ட் இன் ஹாண்ட்' முடிய பொனி எம் வராவிட்டால் எனக்கு இன்றைக்கும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

கிண்ணியா_நிலா

அண்ணன், நீங்கள் பழைய ஞாபகத்தில் பேசுகிறீர்கள். நான் இதை யூடியூப்பில்தான் முதலில் கேட்டேன், எந்தக் கசெற் பாசமும் இல்லாமல். எனக்குப் பட்டது இதுதான்: பன்னிரண்டு பாட்டில் அரைவாசி பாட்டுகள் வேறு ஒரு அல்பத்துக்கு உரியவை. ஒரு பாட்டில் ஆள் இருட்டில் உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறார். இரண்டு பாட்டு தள்ளி ட்ரம்பெற், சக்சபோன் எல்லாம் வைத்து ஊர்வலம் போகிறார். அந்த ஊதுகுழல்காரர் ஏர்த் விண்ட் அண்ட் ஃபயர் குழுவினர். திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'தண்டர் அண்ட் லைட்னிங்' அங்கே என்ன வேலை செய்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. பிரிவுப் பாட்டு என்றால் பாடுகிறவர் பக்கம் மட்டும்தான் கதை. விட்டுப் போன பெண்ணுக்கு என்ன நடந்தது, ஏன் போனாள் என்று ஒரு வரி இல்லை. வருடம் முழுக்க பாண்டோடு ஊர் ஊராகச் சுற்றினால் எந்த மனைவி இருப்பாள்?

கசெற்_காலம்

பிரிவுப் பாட்டில் நியாயம் கேட்டுப் போனால் ஒரு பாட்டும் மிஞ்சாது, நிலா.

ஒலிமேசை

ட்ரம்மர் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் கலியாண மண்டபம், கோவில் திருவிழா, பாடசாலை விழா என்று சவுண்ட் போடுகிறவன். இந்தச் சத்தம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இது கொலின்ஸின் அல்பத்தில் பிறந்த சத்தம் இல்லை. அதற்கு முன் பீற்றர் கேப்ரியல் தன் மூன்றாவது தனி அல்பத்தை லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பதிந்தபோது கொலின்ஸ் ட்ரம்ஸ் வாசிக்கப் போயிருந்தார். பொறியியலாளர் ஹியூ பட்ஜம். அங்கிருந்த எஸ்.எஸ்.எல் மிக்சரில் ஒரு வசதி இருந்தது. வாசிப்பவர்கள் அறைக்குள் இருந்து பேசினால் வெளியே கேட்பதற்காக மேலே ஒரு மைக் தொங்கும். தூரத்தில் நின்று மெல்லப் பேசினாலும் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த மைக்கில் கம்பிரசரை, அதாவது பெரிய சத்தத்தை அமுக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்கிவிடுகிற கருவியை, இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். ஒருநாள் அந்த மைக் திறந்திருந்த நேரம் பார்த்துக் கொலின்ஸ் ட்ரம்ஸ் அடித்தார். அறையே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். பேசுவதற்கு வைத்த மைக் என்பதால் அதைப் பதிகிற வழி மிக்சரில் இருக்கவில்லை. வயரை மாற்றிப் பூட்டித்தான் பதிந்தார்கள். அதன் பிறகு அதில் நொய்ஸ் கேட்டையும் சேர்த்தார்கள்.

கேட் செய்கிற வேலை சுலபம். அடி விழும்போது திறக்கும், சத்தம் ஒரு அளவுக்குக் கீழே வந்ததும் பட்டென்று மூடும். பெரிய மண்டபத்தில் அடித்தால் எதிரொலி மெல்ல மெல்லத் தேயும். இங்கே தேய விடுவதில்லை, நடுவில் வெட்டிவிடுகிறார்கள். காதுக்குப் பெரிய அறை கேட்கிறது, ஆனால் வால் இல்லை. அதுதான் அந்த மிரட்டல்.

கேப்ரியல் அந்த அல்பத்தில் சிம்பல் என்கிற தகடே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது வெறும் பிடிவாதம் இல்லை, இந்த முறைக்கும் பொருந்துகிறது. இறுக்கிய கம்பிரசரில் சிம்பல் விழுந்தால் அதன் 'ஸ்ஸ்ஸ்' எல்லாவற்றையும் மூடிக்கொண்டு மேலே வரும், கேட் மூடவே மூடாது. ஆகவே தம்பி, அந்த இடி வரும் இடத்தில் கிராஷ் சிம்பலைத் தொடாதீர்கள். உங்களுக்கு வாளிச் சத்தம் வருவதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம்.

இன்னொன்று, கொலின்ஸின் டொம்களுக்குக் கீழ்த்தோல் கிடையாது. உங்களுடைய டொம்களில் கீழ்த்தோலைக் கழற்றிவிட்டு, மேல்தோலைக் கொஞ்சம் தளர்த்தி அடித்துப் பாருங்கள். செலவில்லாத வேலை.

உப்புவெளி_ட்ரம்மர்

கீழ்த்தோலைக் கழற்றலாம். ஆனால் நாங்கள் வாசிப்பது திறந்த வெளி அண்ணை. பின்னால் கடல், மேலே தென்னோலைக் கூரை. அறையே இல்லாத இடத்தில் அறைச் சத்தத்தை எப்படிப் பிடிப்பது?

ஒலிமேசை

பிடிக்க முடியாது. அறை மைக் வைத்தால் மொனிட்டர் சத்தமும் அலைச் சத்தமும் சேர்ந்து கேட்டைத் திறந்துகொண்டே இருக்கும். இரண்டு வழி சொல்கிறேன். டிஜிட்டல் மிக்சர் கிடைத்தால், பெரிங்கர் எக்ஸ்32 மாதிரி ஒன்று, அதற்குள்ளேயே கேட்டட் ரிவேர்ப் எஃபெக்ட் இருக்கிறது. ஸ்னேருக்கும் டொம்களுக்கும் பக்கத்தில் மைக் வைத்து, அவற்றை மட்டும் அந்த எஃபெக்டுக்கு அனுப்புங்கள். கிக்கைக் கொஞ்சமாக. பாட்டு மெதுவானது, ஆகவே சத்தம் கொஞ்சம் நீண்டு நின்று வெட்டுப்படலாம், அவசரமாக மூட விடாதீர்கள்.

மிக்சர் கிடைக்காவிட்டால் சத்தத்தை முன்கூட்டியே செய்து, அடித்தால் பதிந்த சத்தம் வருகிற எலக்ட்ரோனிக் ட்ரம் பாட்டில் (pad) ஏற்றுங்கள். ஊரில் சீமெந்துத் தரையும் வெறும் சுவருமாக எத்தனையோ மண்டபங்கள் இருக்கின்றன. விழா இல்லாத நாளில் ஒன்றுக்குள் போய், கூரைப் பக்கம் ஒரு மைக் கட்டி, ஒவ்வொரு டொம்மாக அடித்துப் பதிந்து, கணினியில் கம்பிரசரும் கேட்டும் போட்டு வெட்டி எடுங்கள். டவுன்ஹவுஸிலும் கல் பதித்த அறைதான். அங்கே ஸ்டூடியோக்காரர் காசு கொடுத்துக் கல் பதித்தார்கள், எங்களுக்கு ஓடு போடக் காசில்லாமல் அதே பலன் கிடைக்கிறது.

குளக்கோட்டன்7

எல்லோரும் ட்ரம்ஸையே பேசுகிறீர்கள். இந்த அல்பத்தில் வயலின் வாசித்தது யார் என்று எவரும் சொல்லவில்லையே?

எல். சங்கர். 'இன் தி எயர் டுநைட்' பாட்டிலேயே அவர் இருக்கிறார். 'ட்ரோண்ட்' பாட்டிலும் இருக்கிறார்.

கசெற்_காலம்

ஷக்தி குழுவில் ஜோன் மக்லாஃப்லினோடு வாசித்த சங்கரா?

குளக்கோட்டன்7

அவரேதான். 1975 தொடக்கம் ஷக்தி. பிறகு 1979இல் ஃபிராங்க் ஸப்பா தயாரித்த ஒரு தனி அல்பம். அதற்குப் பிறகு கொலின்ஸ். பின்னாட்களில் பீற்றர் கேப்ரியலோடும் வாசித்தார். இரட்டைக் கழுத்து வைத்த பத்துத் தந்தி வயலின் என்றாலே அவர் ஞாபகம்தான் வரும்.

தகப்பன் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரியில் வயலின் படிப்பித்தவர். மூத்தவர் எல். வைத்தியநாதன், 'ஏழாவது மனிதன்', 'பேசும் படம்' படங்களுக்கு இசையமைத்தவர். அடுத்தவர் எல். சுப்பிரமணியம், உலகம் அறிந்த வயலின்காரர். சங்கர் அவர்களுக்குத் தம்பி. பிறந்தது மெட்ராஸ் என்றாலும் சின்ன வயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். 1958 கலவரத்தோடு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது.

அந்தக் கலவரம் நடக்காமல் இருந்தால் இந்தப் பிள்ளைகள் எங்கே வாசித்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். கோணேசர் கோவில் திருவிழாக் கச்சேரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்திருப்பார்களோ என்னவோ.

கிண்ணியா_நிலா

குளக்கோட்டன், தகவலுக்கு நன்றி, உண்மையாகவே எனக்குப் புதிது. ஆனால் இனி எல்லோரும் 'ஃபில் கொலின்ஸின் பாட்டு நம்மவர் பாட்டு' என்று தொடங்கிவிடுவார்களே என்று பயமாக இருக்கிறது. அந்தப் பாட்டில் வயலினைத் தேடித்தான் கேட்க வேண்டும். முன்னுக்கு நிற்பது கீபோர்ட்டும் ரிதம் பெட்டியும் குரலும்தான்.

குளக்கோட்டன்7

தேடிக் கேட்க வேண்டும் என்பது சரி. 'ட்ரோண்ட்' பாட்டில் தேட வேண்டியதில்லை. நல்ல ஹெட்போன் போட்டு, 'தி ரூஃப் இஸ் லீக்கிங்' தொடங்கி 'ஹாண்ட் இன் ஹாண்ட்' வரை நிறுத்தாமல் கேளுங்கள். முதலில் பியானோவும் பான்ஜோவும், ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒரு ஏழைக் குடும்பம். அது முடிய இடைவெளி விடாமல் பியானோவும் வயலினும் ஒரே சுருதியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கும். அதிலிருந்து ட்ரம்ஸ், அதிலிருந்து சிறுவர் குரல்கள், பிறகுதான் ஊதுகுழல். நீங்கள் ஊர்வலம் என்று சொன்னது அப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக முளைத்து வருகிறது. தனித்தனிப் பாட்டாக யூடியூப்பில் கேட்டால் அது புரியாது, நடுவில் ஷாம்பு விளம்பரம் வேறு.

கிண்ணியா_நிலா

கேட்டேன். அந்த மூன்றும் சேர்ந்து வருவது நல்லாகத்தான் இருக்கிறது. முதல் பக்கத்தை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது பக்கத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அதில் 'யூ நோ வட் ஐ மீன்' மட்டும் போதும். பியானோ, குரல், அதைச் சுற்றி ஆரிஃப் மார்டின் எழுதிய தந்தி வாத்தியங்கள். இரண்டரை நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

ஈஸ்ட்ஹாம்_திருமலை

லண்டனிலிருந்து எழுதுகிறேன், ஊர் திருக்கடலூர். நிலா, 'பிஹைண்ட் த லைன்ஸ்' பாட்டைக் கொஞ்சம் மன்னித்து விடுங்கள். அது ஜெனிசிஸ் குழுவின் 1980 அல்பத்தில் ஏற்கெனவே இருந்த பாட்டு. ஸ்டூடியோவில் ஒருநாள் ரேப்பை வேகமாக ஓடவிட்டபோது கொலின்ஸுக்கு அது மைக்கல் ஜாக்சன் பாட்டு மாதிரிக் கேட்டிருக்கிறது. அந்த எண்ணத்தை வைத்துத்தான் ஊதுகுழலோடு திரும்பச் செய்தார். பழைய பாட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், குழுவை விட்டுத் தனியாக வந்து என்ன செய்யப் பார்த்தார் என்பது விளங்கும். அவருக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் உயிர். ஜெனிசிஸில் அதற்கு இடம் இருக்கவில்லை. துக்கப் பாட்டும் ஆட்டப் பாட்டும் ஒரே அல்பத்தில் கிடப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பாட்டு பீற்றில்ஸின் 'டுமோரோ நெவர் நோஸ்'. அது முழுவதும் முடிந்த பிறகு சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். கொலின்ஸ் 'ஓவர் த ரெயின்போ' பாட்டின் வரிகளைத் தனியாக, முணுமுணுக்கிற மாதிரிப் பாடுவார். அட்டையில் அதைப் போடவில்லை. ஜோன் லெனன் சுடப்பட்டது 1980 டிசம்பர், அல்பம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்னால்.

2016இல் திரும்ப வெளியிட்டபோது பழைய அட்டையில் இருந்த அதே கோணத்தில் வயது போன முகத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள். வாங்குவதென்றால் அதை வாங்குங்கள், தனியே ஒரு தட்டில் மேடைப் பதிவுகளும் டெமோக்களும் இருக்கின்றன.

மூதூர்_மச்சான்

'இன் தி எயர் டுநைட்' பாட்டு, ஒருவன் தண்ணீரில் மூழ்கும்போது இன்னொருவன் காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டு நின்ற உண்மைச் சம்பவமாமே? கொலின்ஸ் அவனைக் கச்சேரிக்குக் கூப்பிட்டு முன் வரிசையில் இருத்திப் பாடினாராம்.

ஈஸ்ட்ஹாம்_திருமலை

கட்டுக்கதை, மச்சான். பிரிவுக் கோபத்தில் மைக்குக்கு முன்னால் நின்று வாயில் வந்ததைப் பாடியதுதான் அந்த வரிகள், அது எதைப் பற்றியது என்று தனக்கே தெரியாது என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். கதை மட்டும் சாகவே இல்லை.

கசெற்_காலம்

எங்களுடைய ஊரில் அந்தக் கதை இன்னும் ஒரு படி போய், மூழ்கியது டச் பே கடற்கரையில் என்று சொன்னவர்களும் உண்டு.

ஒலிமேசை

சரி, பாட்டுக்கு வருவோம். தம்பி, ரிதம் பெட்டியை விட்டுவிடாதீர்கள். அது ரோலண்ட் சி.ஆர்-78. அந்த 'டிக் டக்' முதலிலிருந்து கடைசி வரை ஓடுகிறது. சிங்கிளாக வெளியிட்டபோது அட்லாண்டிக் கம்பனியின் அஹ்மத் எர்டெகுன், தாளம் எங்கே என்று சனம் குழம்பும் என்று சொல்ல, அந்தப் பதிப்பில் ட்ரம்ஸை முன்கூட்டியே சேர்த்தார்கள். நீங்கள் அல்பப் பதிப்பைத்தான் பின்பற்ற வேண்டும். மூன்றரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ட்ரம்மருக்கு அதுதான் கஷ்டமான வாசிப்பு. இடையில் ஹைஹட்டில் சும்மா தட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் குச்சியை வேறு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

2007இல் கட்பரி விளம்பரத்தில் கொரில்லா ட்ரம்ஸ் அடித்ததும், 2020இல் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் முதல் தடவை கேட்டுத் திடுக்கிட்ட வீடியோ உலகம் முழுக்கப் போனதும் அந்த ஒரு இடத்தால்தான். காத்திருக்கவிட்டு அடிக்கிற அடி.

உப்புவெளி_ட்ரம்மர்

எல்லோருக்கும் நன்றி. பாண்டில் பேசினேன். ஆறு பாட்டும் வேண்டாம் என்று மூவரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எங்களிடம் ஊதுகுழல்காரர் இல்லை, கீபோர்ட்டில் ட்ரம்பெற் போட்டால் கலியாண வீடு மாதிரி இருக்கும் என்று கிட்டாரிஸ்ட் சொன்னான், அது உண்மைதான். கடைசியில் ஒத்துக்கொண்டது மூன்று: 'ரூஃப்', அதிலிருந்து நேரே 'ட்ரோண்ட்', அதைச் சுருக்கி 'இன் தி எயர்'. வரிசை மாறுகிறது, கசெற்_காலம் அண்ணை கோபிக்க வேண்டாம்.

'ட்ரோண்ட்' பாட்டுக்கு வயலின் வேண்டும். ஊரில் வயலின் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லோரும் கர்நாடக சங்கீதம். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

கசெற்_காலம்

வரிசையை மாற்றுவது குற்றம்தான். ஆனால் 'இன் தி எயர்' கடைசியில் வந்தால் சாப்பாட்டு மேசையில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். செய்யுங்கள்.

குளக்கோட்டன்7

வயலின் பிள்ளையிடம் பாட்டின் பெயரைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். 'இன் தி எயர்' டி மைனரில் இருக்கிறது. இரண்டு கட்டைச் சுருதி, நடபைரவி ஸ்வரங்கள் என்று சொன்னால் ஆசிரியருக்கே உடனே பிடிபடும். முதல் பகுதியில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும், வில்லை மெதுவாக இழுத்து நீட்டிப் பிடிக்கட்டும். கமகம் வேண்டாம். இடி விழுந்த பிறகு மேல் ஸ்தாயியில் நி, த, ப என்று இறங்கலாம். 'ட்ரோண்ட்' பாட்டுக்கு அதே சுருதியில் கீபோர்ட்டில் தம்பூரா ஓடவிட்டு, பிள்ளையைக் கொஞ்சம் சுதந்திரமாக விடுங்கள், அங்கே கமகம் போட்டால் தப்பில்லை. சங்கரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தானே.

கிண்ணியா_நிலா

எந்தச் சனிக்கிழமை என்று போடுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடியுமென்றால் நானும் தங்கச்சிமாரும் வருகிறோம். 'தண்டர் அண்ட் லைட்னிங்' வாசித்தால் எழும்பிப் போய்விடுவேன்.